வனஜா அக்காவும் என் மரத்துப் பப்பாளி இலையும்

இந்த ராத்திரி நேரத்தில் குரூப்பில் எழுதுவதற்கு நம் தெருப் பெண்கள் எல்லோரும் மன்னிக்க வேண்டும். யாழினி இப்போதுதான் தூங்கினாள். "பெரிம்மா வூட்டுக்குப் போலாம்" என்று கேட்டுக் கேட்டு, ஓய்ந்துபோய்த் தூங்கினாள். அவள் பெரிம்மா என்பது பக்கத்து வீட்டு வனஜா அக்காவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு ரேவதி வந்து என் கேட்டைத் தட்டினாள். வேங்கிக்காலில் ஆபீஸ் படி ஏறும்போது வனஜா அக்காவுக்கு நெஞ்சுவலி வந்ததாம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அக்காவின் கணவர் ரேவதிக்குத்தான் போன் செய்திருக்கிறார். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது ஒரு கேள்வி: ஒரே சுவரைப் பங்குபோட்ட வீடு எங்களுடையது, முதல் போன் ஏன் ரேவதிக்கு? எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பொறாமையை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி என்னால் எழுத முடியாது.

அந்தப் பொறாமை ஒரு கீரைப்பாத்தியில் தொடங்கியது. ஐப்பசி மழை பிடித்ததும் என் வெந்தயக்கீரையை நத்தைகள் ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிட்டன. பெரிய ஓட்டு நத்தை, ஓடில்லாத வழவழப்பு நத்தை, எல்லாம் வந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் முள்ளங்கி இலையில் ஒரு ஓட்டை இல்லை. தன் நத்தைகளைப் பொறுக்கி என் பக்கம் எறிகிறார் என்றே முடிவு கட்டினேன். ஒருநாள் சுவரோரம் நின்று கேட்டும் விட்டேன்.

"உங்க வூட்டு நத்தைங்க எங்க பக்கம் வருதுக்கா."

"அப்டியா? முதுகுல எம் பேர் எழுதியிருக்காமா?" என்றார், களை பிடுங்கிய கையை நிறுத்தாமல்.

அந்தக் கோபத்தில் ஒரு பாக்கெட் கல்லுப்பை வாங்கிப் பாத்தி முழுக்கக் கொட்டினேன். நத்தை சில செத்தன. கீரை மொத்தமும் வாடிப்போனது. நான் பி.எஸ்சி. தாவரவியல் படித்தவள். இதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கார்த்திகை பிறந்ததும் அக்கா என் மரத்துப் பப்பாளி இலை கேட்டு வர ஆரம்பித்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் நாலு இலை. தெருவெல்லாம் டெங்கு பேச்சாக இருந்த நேரம். அவர்கள் வீட்டில் யாருக்கோ காய்ச்சல், சாறு பிழிந்து கொடுக்கிறார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. இலையைக் கேட்டுக்கு வெளியே நீட்டிவிட்டு, யாழினியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். அக்கா கையால் மட்டும் கீரை சாப்பிடும் பிள்ளை அவள். அவளைப் பத்து நாள் அந்தப் பக்கமே விடவில்லை. அதில் பயம் பாதிதான்.

தீபத்தன்று எல்லோரும் மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோமே, அன்றைக்கு யாழினியைக் காணோம் என்று நான் கத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். கீழே ஓடினேன். உச்சியில் சுடர் தெரிந்ததும் கும்பிட்டுவிட்டு அக்கா தோட்டத்துக்கு இறங்கியிருக்கிறார். பிள்ளையும் பின்னாலேயே போயிருக்கிறது. நனைத்த கோணிச் சாக்கை ஒரு முனையில் தூக்கிப் பிடித்து, அடியில் என் பப்பாளி இலையைப் பரப்பிக்கொண்டிருந்தார் அக்கா. யாழினி கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டியிருந்தது.

"காய்ச்சல் யாருக்குக்கா?" என்று அப்போதுதான் கேட்டேன்.

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்து சிரித்தார். "காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்லடி. நத்தைக்கு விருந்து வெக்கிறேன்."

அன்றைக்குத்தான் எல்லாம் சொன்னார். சாயங்காலம் இலைமேல் ஈரச் சாக்கைப் போட வேண்டும். விடிவதற்குள் நத்தைகள் தின்றுவிட்டு அதன் அடியிலேயே பதுங்கிக் கிடக்கும். இடுக்கியால் எடுத்து உப்புத்தண்ணீர் வாளியில் போட வேண்டும். வெறும் கையால் தொடக்கூடாது. மண்ணைக் கிளறினால் ஜவ்வரிசி மாதிரி வெள்ளையாக இருப்பது முட்டை, அதையும் விடக்கூடாது. "செடிக்குக் காலைல தண்ணி ஊத்து. ராத்திரில ஈரம் இருந்தா நத்தைக்குப் பாய் போட்டுக் குடுத்த மாதிரி" என்றார். என் சுவரோரம் குவித்திருந்த தேங்காய் மட்டையைக் காட்டி, "நத்தையைத் திட்டாத, அது ஒளியற எடத்த எடு" என்றார். யாழினி கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவித்தான் என்னிடம் கொடுத்தார்.

அந்த ரகசியம் எனக்கு மட்டும் சொன்னது என்று இந்த மார்கழி வரைக்கும் நம்பியிருந்தேன். துக்கம் கேட்கப் போன இடத்தில் ரேவதி சாக்கு, இலை, இடுக்கி என்று வரிசையாகச் சொல்லி, "எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாங்க" என்று அழுதாள். பக்கத்தில் இருந்த உங்களில் இன்னும் இரண்டு பேரும் அதையே சொன்னீர்கள். நான் உப்புக் கொட்டிய கதையும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உங்கள் வீட்டுக்கெல்லாம் வந்த இலை என் மரத்து இலை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அக்காவின் இடுக்கி ரேவதியிடம் போய்விட்டது. என்னிடம் இருப்பது காலையில் தண்ணீர் ஊற்றும் பழக்கமும், தினமும் இலை உதிர்க்கும் அந்த மரமும், "பேர் எழுதியிருக்காமா" என்ற அந்தக் குரலும்தான். நத்தையைப் பார்த்தால் இன்றைக்கும் முதலில் அதன் முதுகைத்தான் பார்க்கிறேன்.

இன்று சாயங்காலம் சுவர் வழியாக எட்டிப் பார்த்தேன். சாக்கைத் தூக்க ஆளில்லாமல் முள்ளங்கி இலை சல்லடையாகக் கிடக்கிறது. அக்காவின் கணவர் நடுவில் நின்றுகொண்டு, "விஷ உருண்டை தூவினா ஒரே நாள்ல போயிடும்னு கடையில சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை தூவிடறேன்மா" என்றார். சுவர் இடுக்கு வழியாக என் பிள்ளை ஒரு நாளைக்குப் பத்து முறை அங்கே போகிறது. கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற வயது. "வேணாங்கண்ணா, நாங்களே பொறுக்கிடறோம்" என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் "நாங்க" என்றேன்.

இலை என் பொறுப்பு. காலை ஆறு மணிக்குப் பொறுக்க ஞாயிறும் புதனும் நான் வருகிறேன். ரேவதி, இடுக்கியோடு நீ எந்த நாள் வருவாய்? மற்ற நாள்களுக்கு யார் யார்? ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவரிடம் சொல்ல வேண்டும். நாளைக்குள் எல்லோரும் பதில் போடுங்கள்.