எட்டு முழத்துக்கு அகலம் எத்தனை?

நெட்டையாரே, உங்களுக்கு வேட்டி எடுக்கத்தான் போன செவ்வாய்க்கிழமை ஈரோட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நெட்டையார் என் வீட்டுக்காரர். ஆறடிக்கு மேலே இரண்டு இஞ்ச் இருப்பார். போன வருஷம் தவறிவிட்டார். அன்றைக்கு அவசரத்தில் சொந்தக்காரர்கள் ஓடிப்போய், எட்டு முழ வேட்டி என்று கேட்டு வாங்கி வந்தார்கள். எட்டு முழம்தான் வந்தது. ஆனால் கட்டிப் படுக்க வைத்தால் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. அழுகைக்கு நடுவிலும் நான் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழம் என்பது நீளத்துக்குத்தானே. அகலத்தை யாரும் கேட்கவில்லை. கவரில் 3.60 மீ, 1.14 மீ என்று போட்டிருந்ததாம். நான் படித்தது ஐந்தாவது. எண் தெரியும், மீட்டர் பிடிபடாது.

அடுத்த மாதம் வருஷப் படையல். இந்தத் தடவை வேட்டி காலை மூடியே ஆக வேண்டும் என்று கிளம்பினேன். எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் கேட்ட அகலம் இல்லை.

காலை ஆறரைக்கு சிங்காநல்லூரில் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. காந்திபுரத்தில் ஈரோட்டு வண்டி பிடித்தேன். நூறு கிலோமீட்டர், அவினாசி, பெருந்துறை வழியாக இரண்டரை மணி நேரம். வலது பக்கம் உட்கார்ந்தால் வெயில் கொளுத்துகிறது, இடது பக்கம் பிடியுங்கள்.

செவ்வாய்க்கிழமை ஜவுளிச் சந்தை. நல்ல கூட்டம். முதல் கடையில் அகலம் கேட்டதற்கு, "எல்லா வேட்டியும் ஒரே அகலந்தானுங்க அம்மணி" என்று அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். இரண்டாவது கடையிலும் அதே பேச்சு. மூன்றாவது கடைக்காரர்தான் நின்று கேட்டார்.

"யாருக்குங்க? அவரையும் கூட்டியாந்திருந்தா கட்டிப் பாத்திருக்கலாமுங்களே?"

"அவரு வரமாட்டாருங்க. அளவு நான் சொல்றேன். நீங்க வேட்டியக் குடுங்க."

கல்யாணத்தன்று மாலை மாற்ற எனக்கு முக்காலி போட்டார்கள். அவர் இடுப்பு என் நெஞ்சுக்கு நேரே வரும். வேட்டியைப் பிரித்து, அகலத்தைக் குத்தாகத் தொங்கவிட்டு, கரையை நெஞ்சில் வைத்துப் பிடித்தேன்.

கடைக்காரர் சிரித்துப்போட்டார். "ஏனுங்க, ஆத்துக்குக் குளிக்கப் போறீங்களா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிங்க, சிரிங்க. இதுல இடுப்புல செருகறதுக்கு நாலு விரல் போயிருமுங்க. மிச்சம் எங்க நிக்குதுன்னு பாருங்க."

குனிந்து பார்த்தார். "தரைக்கு மேலயே நிக்குதுங்களே! அப்பேர்ப்பட்ட ஆளுங்களா?"

"வாசப்படிக்கெல்லாம் தலை குனிஞ்ச ஆளுங்க."

அவர் ஏணி போட்டு மேல் அடுக்கிலிருந்து ஒன்றை இறக்கினார். 1.32 மீட்டர், ஐம்பத்திரண்டு இஞ்ச் அகலம். நெஞ்சில் பிடித்து நாலு விரல் மடித்தேன். கரை என் கால்மேல் விழுந்து, தரையைக் கூட்டியது. விலை கேட்காமலேயே, "இதுதானுங்க, மடிச்சுக் குடுங்க" என்றேன்.

வேட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஒரே துணிக்கு மூன்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வாயில் முழம், கடைக்காரரிடம் இஞ்ச், கவரில் மீட்டர். எட்டு முழம் என்று மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். இரண்டாவது எண்தான் அகலம், அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கடைக்காரர் சொல்லிக்கொடுத்த கணக்கு இது: 1.14 என்றால் நாற்பத்தைந்து இஞ்ச், 1.27 என்றால் ஐம்பது. உயரமான ஆளுக்கு 1.32 பாருங்கள். பிரித்துக் காட்ட மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். கூச்சப்பட வேண்டாம். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

வேட்டி இப்போது உங்கள் படத்துக்குக் கீழே மடித்து வைத்திருக்கிறது. என் நெஞ்சில் வைத்துப் பார்த்த அளவுதான், வேறு அளவு என்னிடம் இல்லை. ஏனுங்க நெட்டையாரே, இப்போ கால் மூடுதுங்களா?