நெருப்புக்கு ஆம்புள வேணுமாம்

நேற்றுக் காலை மீன் ஆணம் அடிப்பிடித்துவிட்டது. குற்றம் என்னுடையதல்ல, தெருவில் போன ஆட்டோவுடையது. ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்து, "தீயணைப்புப் பிரிவுக்கு ஆட்கள் தேவை, பெண்களும் விண்ணப்பிக்கலாம்" என்று கத்திக்கொண்டு போனது. அகப்பையோடு வாசலுக்கு ஓடிவிட்டேன். திரும்பி வந்தால் சட்டி கறுத்துக் கிடக்கிறது.

கருகல் மணம் மூக்கில் ஏறியதும் பழைய நேர்முகப் பரீட்சை ஞாபகம் வந்தது. கலியாணத்துக்கு முந்திய காலம். வாப்பாவின் ஹார்டுவேர் கடையில் சீமெந்துப் பை தூக்கித் தூக்கி எனக்குத் தோள் இரண்டும் நல்ல உரம். மாப்பிள்ளை தேடுவதற்கு அது பெரிய இடைஞ்சல் என்று உம்மா புலம்புவார். மாப்பிள்ளைக்கு உதவாத தோள் நெருப்புக்காவது உதவட்டும் என்று எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு விண்ணப்பித்தேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், கல்முனைக்குக் கிட்ட என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் என் வீடு பற்றும்போது பிந்தித்தான் வருவார்கள். இப்போதும் அப்படித்தான் வருகிறார்கள், ஆனாலும் எதற்கு வம்பு?

மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொம்புளயள் நெருப்புக்குக் கிட்டப் போறதா மகள்? ஆபத்து!"

"அப்ப சேர், உங்கட ஊட்டுல அடுப்ப ஆரு மூட்டுற?"

பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை விழுங்கினார். பெரியவருக்குச் சிரிப்பே வரவில்லை. நிலையத்தில் பெண்களுக்கு மலசலகூடம் இல்லை, ஆகவே வேலையும் இல்லை என்று தீர்ப்பாயிற்று. நாலு சுவரும் ஒரு கதவும் கட்டுவது அவ்வளவு பெரிய காரியம்! எனக்கோ அந்த வேலையில் உயிர். கடைக்குத் திரும்பி, சீமெந்துப் பைகளுக்குப் பின்னால் இருந்து நன்றாக அழுதேன்.

கொஞ்ச நாளில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரம். கடைகள் பூட்டு, ஆம்பிளைகள் அத்தனை பேரும் பள்ளிவாசலில். தீயணைப்புப் படையும் பள்ளியில்தான். நெருப்புக்கும் ஜும்ஆ கடமை என்று நினைத்திருப்பார்கள் போலும். நிலையத்துக்குக் காவல், காரைதீவுத் தமிழரான டிரைவர் அண்ணன் ஒருவர் மட்டும்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து வளவு ஜெசிமா ராத்தாவின் குசினியில் காஸ் அடுப்பிலிருந்து தாவிய நெருப்பு கூரை மரத்தைப் பிடித்தது. மகளுக்குச் சீதனமாகக் கட்டிய புது வீடு. எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கவே பெற்றவர்களின் ஆயுள் போய்விடும். "அல்லாஹ்வே, என்ட புள்ளட ஊடு!" என்று ராத்தா தலையில் அடித்துக்கொண்டார். தீயணைப்பு வண்டி வந்து நின்றது, டிரைவர் அண்ணன் மட்டும் இறங்கினார். பம்பை இயக்கிக்கொண்டு குழாயையும் பிடிக்க ஒற்றை ஆளால் ஏலாது. அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஆம்பிளயள் ஒருத்தரும் இல்லையா?"

"எல்லாரும் பள்ளியில. குழாய என்னட்டத் தாங்க அண்ணன்."

"பிடிப்பியா பிள்ள? உதறும்."

உதறத்தான் செய்தது, சனியன். முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பிடித்தேன். பின்னால் ராத்தாவும் பிடித்தார். குசினி போனது, வீடு தப்பியது.

தொழுகை முடிந்து வீரர்கள் ஓடி வந்தார்கள். குழாயை என் கையிலிருந்து வாங்கி, அணைந்த நெருப்புக்கு முன்னால் வீரமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் முகநூலில் வந்தது. நானும் அதில் இருந்தேன், என் ஒற்றைச் செருப்பு வடிவில்.

இனி வேலை நிச்சயம் என்றுதான் நம்பினேன். கூப்பிட்டார்கள்தான். பெரியவர் வாயாரப் பாராட்டி, கையில் ஒரு ரைஸ் குக்கரைத் தந்தார். "வேல விசயம் மறுகா பாப்பம் மகள்." அந்த 'மறுகா' வருவதற்குள் கலியாணம்தான் வந்தது.

இன்று காலை பொறுக்கமாட்டாமல் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்தக் காலத்துத் தகரக் கொட்டகை இல்லை, மாடிக் கட்டடம் நிற்கிறது. டிரைவர் அண்ணன் பென்சனில் போய்விட்டாராம். பெரியவர் மௌத்தாகிவிட்டார், அல்லாஹ் அவரை மன்னிக்கட்டும், நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெண்களுக்கு மாபிள் பதித்த மலசலகூடம். உள்ளே போய்க் குழாயைத் திறந்துகூடப் பார்த்தேன், தண்ணீர் நன்றாக வருகிறது.

மேசையில் இருந்த சீருடைக்கார இளைஞனிடம் விண்ணப்பப் படிவம் கேட்டேன். அவன் எழும்பி, மரியாதையாக உட்காரக் கதிரை தந்தான்.

"மகளுக்கா மாமி கேக்கிறீங்க? வயசு முப்பதுக்குள்ளதானே?"

"ஓம் மகன், மகளுக்குத்தான்" என்றேன்.

எனக்கு மகள் கிடையாது.