நாற்பதாவது செட்

மிக்சி ஜாருக்கு மூடி தேடி உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். மூடி கிடைக்கவில்லை, கோபம் கிடைத்தது. தராசுக்குப் பக்கத்தில், லாரியில் மாட்டும் ரேடியோ செட் ஒன்று குப்புறக் கிடந்தது. அதன் முதுகில் ஒரு ஸ்டிக்கர். சிவப்பு மையில் சானல் எண், எதிரே அலைவரிசை. கையெழுத்து என்னுடையது. கணக்கு என்னுடையது அல்ல.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் கடைசியில், செல்போன் வசதிக்காரர்களின் சட்டைப்பையில் மட்டும் இருந்தபோது, காந்திபுரத்தில் ஒரு ரேடியோ கம்பெனியில் பயிற்சி இன்ஜினியராகச் சேர்ந்தேன். எங்களுடையது டிரங்க் ரேடியோ. பல வண்டிகள் சில அலைவரிசைகளை மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்ளும். கம்பெனியின் ரேடியோ கோபுரம் வண்டிக்குச் சானல் எண்ணை மட்டும்தான் சொல்லும். அதற்குரிய அலைவரிசை செட்டுக்குள் முன்பே ஏற்றப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு மூன்று விவரங்கள் தேவை. தொடக்க அலைவரிசை எது, ஒரு சானலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி எவ்வளவு, எண்ணிக்கை சைபரில் தொடங்குகிறதா ஒன்றிலா. மூன்றாவதில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். மேனுவலில் சைபர் என்று இருந்தது. அப்படியே அட்டவணை போட்டு, மேட்டுப்பாளையம் காய்கறி மண்டிக்காரர் ஒருவருடைய லாரிகளுக்கான நாற்பது செட்டிலும் ஏற்றி, கறுப்பு மையில் ஸ்டிக்கர் எழுதி ஒட்டினேன்.

மேனேஜர் அட்டவணையைப் பார்த்தார். "ஏ அம்மணி, ஊட்டுல கொழந்தைகள எண்ணறப்ப மொதக் கொழந்தைய சைபர்னா சொல்லுவாங்க?"

ஆபீஸே சிரித்தது. மேனுவலைத் திறந்து காட்டினேன். அதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் என்று சொல்லிவிட்டு, எல்லா அலைவரிசையையும் ஒரு படி இறக்கி, செட்டுகளில் மறுபடி ஏற்ற வைத்தார். திருத்தம் என்று தெரிய வேண்டுமாம், சிவப்பில் எழுதி, கறுப்பு ஸ்டிக்கருக்கு மேலேயே ஒட்டச் சொன்னார். "சரிங்க சார்" என்றேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவர்மேல் உள்ள கோபத்தில் பாதி அந்த "சரிங்க"வின் மேலும் இருக்கிறது.

கோபுரம் அப்போது இயங்கத் தொடங்கவில்லை, சோதித்துப் பார்க்க வழியில்லை. இயங்கிய அன்று லாரிகள் எல்லாம் ஊமை. மண்டிக்காரர் நேரில் வந்தார். "ஏனுங்க, பொட்டி பாக்க லட்சணமாத்தான் இருக்குதுங்க. பேசத்தான் மாட்டேங்குதுங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னார். "புதுப் புள்ளைங்க. கணக்குல தப்புப் பண்ணிப்போட்டா."

தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. போட்டேன். வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. அவர் திருத்திய அட்டவணை அவருடைய டிராயருக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. மிச்சமிருந்த சாட்சி அந்த இரண்டு அடுக்கு ஸ்டிக்கர்கள்தான். செட்டுகளைத் திருத்தியபோது புது ஸ்டிக்கர்கூட எழுத வேண்டியிருக்கவில்லை. சிவப்பை உரித்தால் அடியில் சரியான எண் இருந்தது. அதை அவர் பார்த்தார். டீயை ஆற்றிக்கொண்டே பார்த்தார். முப்பத்தொன்பது சிவப்பு ஸ்டிக்கர்களையும் என் நகத்தாலேயே சுரண்டி, உருட்டி, குப்பைக்கூடையில் போட்டேன். நாற்பதாவது செட் தாராபுரம் போன லாரியோடு போனது. திரும்பி வரவேயில்லை.

இப்போது கம்பெனி இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. கோபுரத்தைக் கழற்றிவிட்டார்கள். மேனேஜர் எந்த ஊரில் இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. சானல் எண்ணைச் சொன்னால் மனக்கணக்கில் அலைவரிசை சொல்லுவேன், கேட்க ஆளில்லை.

சிவப்பு ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். பசை காய்ந்திருந்தது, ஒரே இழுப்பில் வந்தது. அடியில், மங்காத கறுப்பில், என் எண்.

"அது ஓடாதுங்க்கா. உள்ள இருக்கற செம்புக்குத்தான் வெச்சிருக்கறனுங்க" என்றார் கடைக்காரர்.

அடியில் இருந்த கறுப்பு ஸ்டிக்கரை அவரிடம் காட்டி, "இதுதானுங்க சரியான நம்பர்" என்றேன்.

"இருக்கட்டுங்க்கா" என்று செட்டை வாங்கித் தராசில் வைத்தார்.