மழைக்கு மறுநாள் தண்ணீர் பிடிப்பவருக்கு மாணிக்கம் விருது

இன்று கோலசிலாங்கூரில் நடந்த விருது விழாவைப் பற்றி மூன்று செய்திகள்:

1. மறைந்த மாணிக்கம் பெயரிலான விருது தகுதியற்றவருக்கு அறிவிக்கப்பட்டது.
2. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.
3. நான் வாய் திறக்கவில்லை.

மாணிக்கம் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்தவர். செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவு கலக்கும் ஆற்றுநீரைச் சோதிப்பது எங்கள் வேலை. மழையில் ஆறு பெருகினால் கழிவு நீர்த்துப்போய், எந்த ஆலையும் உத்தமனாகிவிடும். அதனால் மழைக்கு மறுநாள் அவர் போத்தலைத் தொடமாட்டார்.

இன்று விருது வாங்க வந்தவர் தனியார் ஆய்வுக்கூட முதலாளி. மழை பெய்தால்தான் தண்ணீர் பிடிக்க அவருடைய வண்டியே கிளம்பும். ஓய்வுக்குப் பின் சில காலம் அங்கே வேலை பார்த்ததால் எனக்குத் தெரியும்.

கேடயத்தைக் கொடுக்க மாணிக்கத்தின் மனைவியை மேடைக்கு அழைத்தார்கள். அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நேத்து நல்ல மழை. காலையில தண்ணி பிடிச்சிட்டுத்தான் வர்றீங்களா, தம்பி?"

முதலாளி சிரித்தார். "அக்கா, படம் எடுக்கணும் லா. குடுங்க."

"வெறுங்கையோட எடுத்துக்குங்க. இதுல என் வீட்டுக்காரர் பேரு இருக்கு."

கேடயத்தோடு இறங்கிப் போய்விட்டார்.

"அந்தம்மாவுக்கு யாரு சொன்னா?" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டேன்.

"ஊருக்கே தெரியுமே, சார்," என்றார்.

சற்று முன்பு என்னைவிடப் பலமாகக் கைதட்டியவர் அவர்தான்.

ஆக, என் இரண்டாவது செய்தி தவறு. தெரிந்தும் கைதட்டிய மற்றவர்கள் இந்தப் பதிவின் கீழே கருத்துப் பகுதிக்கு வந்து கை தூக்கலாம். முதல் கை என்னுடையது.