பதினான்கு நிப்பிளும் ஒரு கிண்ணம் சந்தனமும்

முகமாலைப் பக்கத்துக் கண்ணிவெடி அகற்றும் நிலையம் ஒன்றில் தாரிகா பார்க்கும் உத்தியோகம் என்னவென்று நெல்லியடியில் அவளுடைய வீட்டிலேயே ஒருவருக்கும் விளங்காது. எந்த இயந்திரத்துக்கு என்ன பராமரிப்பு வேலை, அதை யார், எந்தக் கிழமையில் செய்வது என்று எழுதி, ஆளின் பெயரையும் போட்டுச் சுவரில் ஒட்டுவது. அதற்கு முன் பத்து வருடம் வெயிலில் முழந்தாளிட்டு வெடி தேடியவள். வெடிகூட அவள் சொல்லுக்கு அடங்கிக் கிடந்தது. இப்போது இரண்டு ஆண்பிள்ளைகள் அடங்குகிறார்களில்லை.

ஒருவர் செல்வரட்ணம், இயந்திரம் ஓட்டுபவர். மற்றவன் சிமியோன், மெக்கானிக். இயந்திரம் இராணுவம் இரவலாகக் கொடுத்தது. கவசத் தகடு பூட்டி, நிலத்தைக் கிளறிக்கொண்டு போகும் ராட்சதன். அது ஒருமுறை இருமினால் கொடிகாமச் சந்தையில் தேங்காய்கள் தாமாக உடையும் என்பார் செல்வரட்ணம். படைப் பட்டறையிலிருந்து மாதம் ஒருமுறை பரிசோதகர் வருவார். பிழை கண்டால் இயந்திரம் பட்டறைக்குப் போய்விடும். திரும்பி வர இரண்டு மாதம். மாரி மழை விழுந்து நிலம் சேறாகுமுன் கிளற வேண்டிய கடைசித் துண்டு ஒன்று மிச்சமிருந்தது. அதில் எட்டுப் பரப்பு செல்வரட்ணத்தின் தென்னங்காணி. இருபத்தைந்து வருடமாக அவர் அதை வேலிக்கு இப்பால் நின்றே பார்த்து வருகிறார்.

"கிழமைக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கவும்" என்றுதான் தாரிகா முதலில் எழுதினாள். ஒருவரும் அடிக்கவில்லை.

"மிசின் ஓடுறவன் கிரீஸ் அடிக்கிறதோ பிள்ளை? உது மெக்கானிக்கின்ரை வேலை," என்றார் செல்வரட்ணம்.

"இனி அவருக்குத் தேத்தண்ணி ஆத்தவும் மெக்கானிக்தான் வரவேணும்," என்றான் சிமியோன்.

கிரீஸ் உள்ளே போகும் சிறு துளைமுனைகளான நிப்பிள்கள் பதினான்கையும் எண்ணி, ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு வளையம் கீறி, வலப்பக்கம் ஏழு அவருக்கு, இடப்பக்கம் ஏழு இவனுக்கு என்று பிரித்தாள். நடுவில் ஒன்று இருந்தால் அது யாருக்கு என்று சிமியோன் கேட்டான். இல்லாத பதினைந்தாவதைத் தேட அவனுக்கு அரைநாள் கிடைத்தது; இருக்கிற ஏழுக்கு அடிக்கத்தான் நேரமில்லை.

பிறகு இராணுவக் கைநூலைப் பார்த்து, பட்டறைக்காரர் மட்டும் செய்ய வேண்டியவற்றையும் அட்டவணையில் எழுதினாள். அடைபட்ட நிப்பிள் அவற்றில் ஒன்று. நிப்பிள் எங்கே அடைபடப் போகிறது என்று யோசிக்காமலே எழுதிவிட்டாள். பரிசோதகரும் கீழே கையெழுத்து வைத்தார்.

ஐப்பசியில் பரிசோதனைக்குக் குறித்த நாள் விசயதசமி, காலை எட்டு மணி. அதற்கு முதல்நாள் கிரீஸ் முறை. கிழமையைப் பார்த்து முறை போட்டவள் ஆயுத பூசையைப் பார்க்க மறந்துபோனாள். அன்று மத்தியானம் தலைமை அலுவலகத்திலிருந்து அவள் வந்து இறங்கியபோது, கிரீஸ் அடிக்கும் கன் சரசுவதி படத்தடியில் செவ்வரத்தம்பூ சூடிப் படுத்திருந்தது.

"எடுங்கோ அண்ணை. விடிஞ்சாப் பரிசோதனை."

"பூசையிலை வைச்சதை நாளைக்கு நல்ல நேரம் பாத்துத்தான் எடுக்கிறது. பத்து மணிக்கு."

"அவர் எட்டுக்கு வாறார்."

"பத்துக்கு வரச் சொல்லு பிள்ளை."

அவள் சிமியோனிடம் திரும்பினாள். "நீ சேர்ச்சுக்குப் போற வேதக்காரன்தானே, உனக்கென்ன?"

"எனக்கொண்டுமில்லை அக்கா. ஆனா எடுத்தா உந்த மனுசன் ஒரு மாசம் என்னோடை கதையாது. பிறகு மத்தியானம் நான் ஆரின்ரை மீன்குழம்பைச் சாப்பிடுறது?"

வருடம் முழுக்க எதிலும் ஒத்துப்போகாத இருவரும் இதில் மட்டும் ஒருதாய்ப் பிள்ளைகள் போல நின்றார்கள். தாரிகாவுக்குச் சுவரில் தலையை முட்டலாம் போலிருந்தது. அங்கும் அவளுடைய அட்டவணைதான் தொங்கியது.

மறுநாள் பரிசோதகர் எட்டு மணிக்கே வந்து குனிந்தார். சிவப்பு வளையம் பதினான்கின் நடுவிலும் அச்சொட்டாகச் சந்தனப் பொட்டு.

"ஒண்டும் விடேல்லை பிள்ளை," என்றார் செல்வரட்ணம்.

"கிரீசுக்குத்தான் அண்ணை நான் வளையம் போட்டது."

பரிசோதகர் கிரீஸ் கன்னைக் கேட்டார். செல்வரட்ணம் மணிக்கூட்டைப் பார்த்தார், வேலிக்கு அப்பாலுள்ள காணியைப் பார்த்தார். கன்னைத் தாமே எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். பதினொரு நிப்பிள்கள் கிரீசை வாங்கின. மூன்று வாங்கவில்லை. உள்ளே சந்தனம் இறுகியிருந்தது.

சிமியோன் சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்தான். "ரெண்டு நிமிசம் சேர்."

பரிசோதகர் சுவரைக் காட்டினார். அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும். "அடைபட்ட நிப்பிள், படைப் பட்டறை. நீங்கள் எழுதினதுதானே மிஸ்?"

"எழுதினது நான்தான் சேர். வெட்டவும் எனக்குத் தெரியும்."

"வெட்ட ஏலாது. கீழே என்னுடைய கையெழுத்து இருக்கு."

பதினாறு சில்லு லொறி மத்தியானம் வந்தது. ஊசிமுனையளவு சந்தனத்துக்காக ராட்சதன் மாலையும் கழுத்துமாக ஏறிப் போனான். செல்வரட்ணம் வேலியோரம் போய் நின்றார். அவரிடம் சொல்லத் தாரிகாவிடம் நூறு வசவு இருந்தது. அந்த முதுகைப் பார்த்ததும் திரும்பி நடந்தாள்.

உள்ளே போய் அட்டவணையில் புதிதாக ஒரு வரி எழுதினாள்: "சந்தனம் வைத்தல், முன் கண்ணாடியில் ஒன்று மட்டும். செய்பவர்: செல்வரட்ணம்."

அவர் வந்து வாசித்தார். இது ஆருடைய வேலை என்று கேட்காமல் அவர் கையெழுத்துப் போட்ட ஒரே வரி அதுதான். அவர் பேனையை மூடுமுன் தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியது.