போகிற வழிப் பேச்சு

ஜாக்கி என்றதும் குதிரை ஓட்டுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். பஞ்சரான வண்டியை முட்டுக்கொடுத்துத் தூக்குகிற இரும்புச் சாமான் இருக்கிறதே, அதன் பெயரைத்தான் அவருக்கு வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அது லைசென்சில் பத்திரமாக இருக்கிறது.

மலைகளுக்கு நடுவே பெரிய ஏரி. அதன் தென்கரையில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் வாடகைக்குக் கார் விடும் கடை ஒன்றே ஒன்று. வாடகைக்குப் போன கார் வழியில் எங்கேயாவது படுத்துக்கொண்டால், போய் எழுப்பிக் கூட்டி வருவதுதான் ஜாக்கியின் வேலை. தலை நரைத்த பிறகும் அதே வேலை.

ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் காலையில் வண்டியை எடுப்பார்கள். அருவி, வெந்நீர் ஊற்று, கணவாய், வடகரைப் படகுத்துறை என்று ஒரு சுற்றுப் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் வண்டியைக் கொண்டுவந்து விட வேண்டும். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். விடாதவர்களை நம்பித்தான் ஜாக்கியின் குடும்பம் சாப்பிட்டது. அந்த ஏரியைக் கண்டதும் மனுஷனுக்கு என்னதான் ஆகுமோ! முன்விளக்கை எரியவிட்டு இறங்கிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டே நிற்பான். திரும்பி வந்தால் பேட்டரி செத்திருக்கும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவான். தண்ணீருக்குக் கிட்டே போனால் இன்னும் நன்றாக இருக்குமே என்று கூழாங்கல் கரையில் காரை இறக்கி, சக்கரம் புதைந்து நிற்பான். ஒரு புதுமாப்பிள்ளை பெட்ரோல் காருக்கு டீசலை ஊற்றிவிட்டு, புதுப்பெண் எதிரில் அதை ஒப்புக்கொள்ளவும் முடியாமல், "வண்டிக்கு இந்த மலைக் காத்து ஒத்துக்கல போல" என்றானாம்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நல்ல கார் ஒன்றில் இருவரும் கிளம்பிப் போவார்கள். கெட்டுப்போன வண்டியை ஒருவாறு சரிக்கட்டி, ஜாக்கி அதை மெதுவாக உருட்டிக்கொண்டு முன்னால் வருவார். குளிரிலும் பசியிலும் வெடவெடத்துக் கிடக்கிற வாடிக்கைக்காரர்களை நல்ல காரில் ஏற்றிக்கொண்டு இரண்டாவது ஆள் பின்னால் வர வேண்டும்.

அந்த இரண்டாவது ஆள் ஜாக்கியின் மனைவி. கடையில் எல்லாருக்கும் அண்ணி. கல்யாணமாகி வந்தபோது சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. முன்பு கூட வந்துகொண்டிருந்த ஆள் வேலையை விட்டுப் போனதும், "இதுக்குப் போய் வெளியாள் எதுக்கு? நான் கத்துக்கறேன்" என்றாள். கற்றுக்கொண்டாள். இன்றைக்குக் கணவாய் வளைவுகளில் ஜாக்கியைவிட நன்றாக ஓட்டுவாள். இதை அவரே ஒப்புக்கொள்வார், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. இரண்டு அறை. அதற்குள் மகன், மருமகள், வாயாடிப் பேத்திகள் இருவர், நாள் முழுக்க அலறும் டிவி ஒன்று. சமையலறையில் ஒரு வார்த்தை சொன்னால் வாசலிலிருந்து மருமகள் "என்னத்தை, கூப்பிட்டீங்களா?" என்பாள். படுக்கும்போது காதோடு பேசலாம் என்றால் நடுவில் சின்னப் பேத்தி குறுக்கே படுத்திருப்பாள். அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டுமானால் தபால்தான் போட வேண்டும்.

அதனால் அவர்களுடைய பேச்செல்லாம் போகிற வழியில். திரும்பும்போது அவர் ஒரு வண்டி, அவள் ஒரு வண்டி. அவருக்குக் கிடைப்பதெல்லாம் கண்ணாடியில் தெரிகிற அவள் முகம்தான். போகும்போது மட்டும்தான் ஒரே வண்டி. மகனுக்கு இந்தப் பெண்ணையே பார்க்கலாம் என்று முடிவானது அருவிக்குப் பக்கத்தில். ஜாக்கி சிகரெட்டை விடுவதாகச் சத்தியம் செய்தது வெந்நீர் ஊற்றுக்கு முன்னால். அந்தச் சத்தியத்தை அவர் மீறியது தெரிந்து அவள் கத்தித் தீர்த்தது ஊற்றைத் தாண்டியதும். கணவாய் ஏறும்போது மட்டும் இருவரும் பேசமாட்டார்கள். ஒருமுறை அங்கே வைத்துத்தான், வயிற்றில் தங்காமல் போன இரண்டாவது குழந்தையைப் பற்றி அவள் முதல்முதலாக வாய்விட்டு அழுதாள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அவரும் அழுதார். அன்றைக்குக் காத்திருந்த வாடிக்கைக்காரர், "ஏன்யா இவ்வளவு நேரம்?" என்று எரிந்து விழுந்தார். "வழியில் கல் விழுந்திருந்தது சார்" என்று சொல்லிச் சமாளித்தார் ஜாக்கி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முதலாளியம்மாவுக்கு அந்த நல்ல எண்ணம் வந்தது. நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியாது. சாவிகள் தொங்கும் பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஜாக்கியைக் கூப்பிட்டார்.

"அண்ணே, வண்டிய அப்படியே முதுகுல ஏத்திக்கிட்டு வர்ற லாரி ஒண்ணு வாங்கப் போறேன். முன்னாடி டிரைவர் சீட்டு போக இன்னும் ரெண்டு பேர் உக்காரலாம். வாடிக்கைக்காரங்களை அதுலயே கூட்டிட்டு வந்துடலாம். இனிமே ஒரு ஆள் போதும்."

"அப்போ அவ?" என்றார் ஜாக்கி.

"அண்ணி பாவம்ணே. முழங்கால் வலியோட எத்தனை நாளைக்கு இந்த மலைல அலையறது? கவுண்டர்ல உக்காந்து சாவி குடுக்கட்டும். சம்பளம் அதேதான். நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க."

ஜாக்கியால் சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. வீட்டில் சொல்ல முடியாது. போகிற வழியில்தான் சொல்ல வேண்டும். போவதற்கோ எந்த வண்டியும் கெடுவதாக இல்லை. ஊருக்கு வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒழுங்காக ஓட்டினார்கள். சாவியை உள்ளே வைத்துப் பூட்டக்கூட ஒருவனுக்குத் துப்பில்லை. கடைசியில் முதலாளியம்மாவே பொறுமையிழந்து ஒரு சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்று, எல்லார் எதிரிலும் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார்.

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே, "நல்லதாப் போச்சு. எனக்கும் முடியல" என்றாள்.

"பாட்டி இனிமே ஆபீசர்!" என்று பேத்திகள் குதித்தார்கள். மருமகள், அத்தை காலைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு முக்காலி வாங்கித் தருவதாகச் சொன்னாள். ஜாக்கி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்லதாப் போச்சு! இத்தனை வருஷமும் அவளுக்கு அது வெறும் வேலைதானா? தனக்கு இருந்த மாதிரி அவளுக்கு இல்லையா? பேரப்பிள்ளை எடுத்த வயதில் இதை யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் ஊர் சிரிக்கும். கேட்காமல் இருந்தால் நெஞ்சு வலிக்கிறது.

லாரி வந்தது. புத்தம்புது வண்டி, ஏறி உட்கார்ந்தால் மலையே கொஞ்சம் இறங்கிவந்த மாதிரி இருக்கும். வேறொருவனாக இருந்தால் தலைகால் புரியாமல் ஆடியிருப்பான். ஜாக்கி முதல் தடவை அதில் தனியாகப் போனபோது, அருவி தாண்டியதும், "இங்க பாரு, தண்ணி எவ்வளவு குறைஞ்சுபோச்சு" என்று பக்கத்து சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டார். சீட்டில் ஜாக்கெட் மட்டும் கிடந்தது. ரேடியோவைத் திருப்பினார், மலைக்குள் அது கரகரத்தது. அணைத்துவிட்டார்.

கவுண்டர் வேலை அவளுக்கு நன்றாகவே பொருந்தியது. சாவியை நீட்டும்போதே, "இறங்கும்போது லைட்டை அணைச்சீங்களான்னு ஒரு தடவை பாருங்க. சாவிய கையிலயே வெச்சுக்கோங்க. தண்ணிகிட்ட கார் வேணாம், கால் போதும்" என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பினாள். பலன், வண்டிகள் கெடுவது பாதியாகக் குறைந்தது. முதலாளியம்மாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான்:

"சாப்டாச்சா?"

"ஆச்சு. உங்களுக்கு?"

"ஆச்சு."

ஜாக்கிக்கு நாக்கில் பூஞ்சை பிடித்துவிடும் போலிருந்தது. முகத்தைப் பார்த்துவிட்டு மகன், "லாரி ஓட்டக் கஷ்டமா இருக்காப்பா?" என்று கேட்டான். "கிளட்ச் கொஞ்சம் இறுக்கம்" என்றார். பாவம், குறையே இல்லாத கிளட்ச்.

ஒரு நாள் மத்தியானம் வடகரைப் படகுத்துறையிலிருந்து போன் வந்தது. ஒரு புருஷன் பெண்டாட்டி. கார் கிளம்ப மறுக்கிறதாம். ஜாக்கி பெட்டியை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனார். கதவைத் திறந்தால் உள்ளே அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை, காதைச் சுற்றி மப்ளர்.

"நீ எங்க?"

"உங்ககூடத்தான்."

"வர்றப்ப இடம் இருக்காதே. அவங்க ரெண்டு பேரு."

"வர்றப்ப இருக்காது. போறப்ப இருக்குல்ல? வண்டிய எடுங்க."

"அப்புறம் நீ எப்படித் திரும்பி வருவ?"

"வடகரைலருந்து சாயங்காலம் சரக்குப் படகு இந்தப் பக்கம் வருது. ஒரு ஓரமா உக்காந்துக்கலாம்னு படகுக்காரர் சொல்லிட்டார். முதலாளியம்மாகிட்ட அரை நாள் லீவும் சொல்லிட்டேன்."

ஜாக்கி சாவியைப் போட்டார். ஆனால் திருகவில்லை. இதைக் கேட்காமல் அவரால் வண்டியை எடுக்க முடியாது.

"நல்லதாப் போச்சுன்னு சொன்னியே அன்னைக்கு?"

அவள் அவரை முறைத்தாள். "பின்ன? மருமக நிக்கறா, பேத்திங்க நிக்குதுங்க, முதலாளியம்மா நிக்கறாங்க. 'என் புருஷன்கூட ஊர் சுத்தாம என்னால இருக்க முடியாது'ன்னு சொல்லச் சொல்றீங்களா? மானம் போயிடாது? நீங்களாவது வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன். குத்துக்கல்லாட்டம் நின்னீங்க!"

"நான் நெனச்சேன்..."

"நீங்க நெனச்சு என்ன ஆச்சு? எடுங்க வண்டிய."

எடுத்தார். சந்தோஷத்தில் கண் கலங்கியதால் வாசல் தூணில் இடிக்கப் பார்த்தார். அவள்தான் "இடது பக்கம், இடது பக்கம்" என்று கத்தி வண்டியைக் காப்பாற்றினாள். அருவி வருவதற்குள் மருமகளைப் பற்றிய புகாரில் பாதி முடிந்தது. ஊற்றுக்கு அருகில், அவர் ஆறிப்போன டீயைக் குடித்துக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்வதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டார். பெரிய பேத்தியைப் படிக்க வெளியூர் அனுப்பலாமா வேண்டாமா என்று இருவரும் மல்லுக்கு நின்றார்கள், அவர் தோற்றார். தோற்பதில் இவ்வளவு சுகம் உண்டென்று அவருக்கு மறந்தே போயிருந்தது. கணவாயில் இருவரும் பேசவில்லை. அவள் தன் கையை அவர் முழங்கால் மேல் வைத்திருந்தாள். அன்றைக்கு லாரி கொஞ்சம் மெதுவாகத்தான் போனது. வடகரையில் காத்திருந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

அவர்கள் மன்னிக்கவில்லை. "எவ்வளவு நேரம்யா வர்றதுக்கு?" என்று அந்தப் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விளக்கை அணைக்காமல் விட்டது யார் என்பதில் இருவருக்கும் தகராறாம். ஜாக்கி சங்கிலியை மாட்டினார். அண்ணி மறுபுறம் போய்ச் சக்கரம் நேராக ஏறுகிறதா என்று பார்த்துச் சொன்னாள். கார் ஏறியது. படகு கிளம்ப ஆயத்தமாக ஒலி எழுப்பியது.

"பாதிதான் சொன்னேன். இன்னும் எவ்வளவோ இருக்கு" என்றாள், பலகை வழியாகப் படகில் ஏறிக்கொண்டே.

"அடுத்த வண்டி கெடட்டும்" என்றார் ஜாக்கி. வாடிக்கைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். வாடகைக் கார் கடை ஆள் வாயிலிருந்து வருகிற பேச்சா இது!

பெட்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவே மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். படகு தண்ணீரில் நகர்ந்தது. லாரி கரையோரப் பாதையில் ஏறியது. முன்னால் மூன்று பேர், நெருக்கிக்கொண்டு. கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு அந்தப் பெண்தான் கேட்டாள்.

"படகுல போறாங்களே, அவங்க யாரு?"

"என் வீட்டுக்காரிம்மா."

"உங்ககூட வேலைக்கு வந்தாங்களா?"

"இல்ல. வேலைக்கு ஒரு ஆள் போதும்."

"அப்போ இவ்வளவு தூரம் எதுக்கு வந்தாங்க?"

பொய் எதுவும் உடனே ஜாக்கியின் வாயில் வரவில்லை. "எங்கூடப் பேச வந்தா" என்றார். "வீட்டுல முடியறதில்ல. உங்களுக்கு இடம் விடணும்ல, அதான் படகு."

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே ஏரியில் படகு மெதுவாக வந்துகொண்டிருந்தது. குவிந்த மூட்டைகளுக்கு மேலே மப்ளர் சுற்றிய தலை ஒன்று. வாடிக்கைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வேகமாப் போலாமாங்க? ரூமுக்குப் போய்ச் சேரணும்" என்றார்.

"வேணாங்க" என்றாள் அவள், புருஷனைத் திரும்பிப் பார்க்காமலே. "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல. படகு கண்ணுக்குத் தெரியற மாதிரியே போங்க."