கால்வாய்ச் சீட்டில் ஒரு பெயர்மாற்றம்

1977 மே 14: மகன் ரகுநாதன் தன் படகுக்கு இப்பருவகாலத்துக்கான கால்வாய் அனுமதிச்சீட்டைப் பெற்றான்.
ஜூன் 11: நெடுஞ்சாலை விபத்தில் இறந்தான்.
செப்டெம்பர் 3: படகை அகற்றுமாறு படகுத்துறை உரிமையாளர் எழுதினார்.
செப்டெம்பர் 17: சீட்டை என் பெயருக்கு மாற்றச் சென்றேன். மாற்றப்படவில்லை.

ஆறே இல்லாத யாழ்ப்பாணத்திலிருந்து கனடா வந்த எனக்கு, தண்ணீரில் போவதற்கும் கட்டணமும் சீட்டும் உண்டு என்பது எளிதில் விளங்கவில்லை. சென்ற ஆண்டு, "படகுக்கு லொக் பெர்மிட் எடுக்கவேணும், அப்பா" என்று மகன் சொன்னபோது, ஸ்காபரோக் கடையொன்றில் பித்தளைப் பூட்டொன்று வாங்கிவந்து கொடுத்தேன். அவன் இருமும்வரை சிரித்தான். "உது படகைப் பூட்டுறதில்லை. ரெண்டு பக்கமும் கதவை மூடி, தண்ணியை ஏத்தி இறக்கி, படகை மற்றப் பக்கம் விடுறது. கணக்கு வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதோ?"

இப்போது அந்தப் படகை நண்பர் சிவத்தின் ஏரிக்கரை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இடையில் ஒரு லொக் இருக்கிறது. அதன் கதவுகள் குளிர்காலத்துக்காக ஒக்ரோபரில் மூடப்பட்டுவிடும்.

கால்வாய் அலுவலகத்தில், வெயிலில் முகம் சிவந்திருந்த அலுவலர் சீட்டைப் பார்த்துவிட்டு, படகின் உரிமையாளர் வரவில்லையா என்று கேட்டார். 'அவன் போய்விட்டான்' என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இறப்பை நேரே சொல்லாதிருப்பது நம்மவர் மரியாதை. அதை அப்படியே பெயர்த்துவிட்டேன்.

"அல்பேட்டாவுக்கா?" என்றார் அவர். "இளைஞர் எல்லாரும் எண்ணெய் வேலை தேடி அங்கேதான் ஓடுகிறார்கள். என் தங்கை மகனும் அப்படித்தான்."

நான் தலையசைத்தேன்.

அப்படியானால் அவனுடைய கையொப்பம் வேண்டும் என்றார். கட்டணத்தை வாங்காமல், ஒரு படிவத்தையும் அதை அவனுக்கு அனுப்பத் தபால் உறையையும் தந்தார். "குளிர் தாங்காமல் திரும்பி வந்துவிடுவான், பாருங்கள்" என்று ஆறுதலும் சொன்னார்.

வாசலில் நின்ற சிவம் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். காரில் ஏறியதும் கேட்டார்.

"அண்ணை, ஏன் உப்பிடிச் சொன்னியள்?"

"நான் சொல்லேல்லை. அந்தாள் சொன்னது, நான் மறுக்கேல்லை."

"கணக்கு வாத்தியாரோ, கோட்டில வாதாடுற அப்புக்காத்தோ நீங்கள்? இப்ப ஆர் கையெழுத்து வைக்கிறது? இருங்கோ, நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

"வேண்டாம். சொல்லுறதெண்டால் நான்தான் சொல்லவேணும்."

ஆனால் கார்க் கதவை நான் திறக்கவில்லை. சிவம் வண்டியைக் கிளப்பினார்.

இங்கிருந்து அனுப்பிய சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்து, அந்தியேட்டிக் கிரியையும் முடித்துவிட்டதாக ஊரிலிருந்து என் தம்பி எழுதியிருக்கிறான். அங்கே எல்லாம் முறைப்படி நிறைவேறிவிட்டது. இங்கே, ஒரு மேசைக்குப் பின்னால் இருக்கும் ஒருவரளவில், என் மகன் அல்பேட்டாவில் வேலை பார்க்கிறான். குளிர் தாங்காமல் திரும்பியும் வரக்கூடும். இந்நாட்டில் அப்படி நம்பும் ஒரே மனிதர் அவர். அவரைத் திருத்த ஒரு சொல் போதும்.

செய்யாமல் கிடப்பவை:
படகை அகற்றுதல்.
அலுவலகத்துக்கு மறுபடி போய், அந்தச் சொல்லைச் சொல்லுதல்.
படிவத்தில், முன்னைய உரிமையாளரின் கையொப்பம்.
உறையில், பெறுநர் முகவரி.